இடுப்புத் தமனி கெட்டுப்போனவர்களுக்குச் சிறுநீரக மாற்று: முழுமையான வழிகாட்டி

"இடுப்பில் ரத்தக்குழாய் சுண்ணாம்பாகிவிட்டது, கிட்னி வைக்க முடியாது." டயாலிசிஸில் இருக்கும் பலர் இந்த ஒரு வரியைக் கேட்டதோடு மாற்று சிகிச்சைப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். அந்த வரி சிலருக்கு முழு உண்மை. பலருக்கு அது பாதிதான். வழக்கமான இடத்தில், வழக்கமான முறையில் வைக்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. குழாயைச் சரிசெய்துவிட்டு வைக்கலாமா, சற்று மேலே வைக்கலாமா, மறுபக்கம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் யாரும் கேட்காமலே விஷயம் முடிந்துபோகிறது. அந்தக் கேள்விகளை எந்த வரிசையில், எப்போது கேட்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நோயாளிக்கும், அவரோடு மருத்துவமனைக்கு அலையும் குடும்பத்துக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன். முடிவு எடுப்பது உங்களைப் பரிசோதிக்கும் குழுதான். ஆனால் கேள்வி தெரிந்தவருக்குத்தான் சரியான பதில் கிடைக்கும்.

சிறுநீரகத்தை ஏன் இடுப்பில் வைக்கிறார்கள்

நம் சொந்தச் சிறுநீரகங்கள் முதுகுப்பக்கம், முதுகெலும்பின் இருபுறமும் இருக்கின்றன. மாற்றுச் சிறுநீரகத்தை அங்கே வைப்பதில்லை. பழையதைப் பெரும்பாலும் எடுப்பதும் இல்லை. அடிவயிற்றின் ஒரு பக்கம், இடுப்பு எலும்பின் குழிவில் புதியது உட்காருகிறது. 1951-ல் பாரிஸில் அறுவை நிபுணர் ரெனே குஸ் இந்த இடத்தைப் பயன்படுத்தினார். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே ஒத்த இரட்டையருக்கு இடையே செய்த, முதன்முதலில் நீடித்து வெற்றி பெற்ற மாற்று அறுவையிலும் சிறுநீரகம் இங்கேதான் வைக்கப்பட்டது. இன்றுவரை அதுவே வழக்கம். தோலுக்கு அருகில் இருப்பதால் ஸ்கேன், பயாப்ஸி எளிது. சிறுநீர்ப்பை பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய ரத்தக்குழாய்களும் கைக்கு எட்டும் தூரத்தில் ஓடுகின்றன.

அந்தக் குழாய்களின் அமைப்பு மனதில் பதிந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. அவை இரண்டும் பொது இலியாக் தமனிகள். ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. உள் இலியாக் தமனி இடுப்பின் உள்ளே போய்ப் பிட்டம், சிறுநீர்ப்பை, பிறப்புறுப்புக்கு ரத்தம் தருகிறது. வெளி இலியாக் தமனி தொடைமடிப்பைத் தாண்டித் தொடைத் தமனியாகிக் காலுக்குப் போகிறது. பொதுவாக, புதிய சிறுநீரகத்தின் தமனியை இந்த வெளி இலியாக் தமனியின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை போட்டுத் தைப்பார்கள்.

ஒரு சிறுநீரகத்துக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வேண்டும். எனவே மேலிருந்து வரும் ஓட்டம் தடையில்லாமல் இருக்க வேண்டும். தைக்கிற இடம் ஊசி ஏறுகிற மென்மையோடு இருக்க வேண்டும். அதற்கு மேலும் கீழும் கவ்வி போட்டு ரத்தத்தை நிறுத்த இரண்டு மென்மையான இடங்கள் வேண்டும். சிறுநீரகம் தன் பங்கை எடுத்த பிறகும் காலுக்குப் போதிய ரத்தம் போக வேண்டும். கட்டைவிரல் நக அளவு மென்மையான இடம் தைக்கப் போதும் என்பது உண்மைதான். ஆனால் கவ்வி போட இடமில்லாவிட்டால் அந்த நக அளவு இடம் மட்டும் இருந்து பயனில்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

தமனி எப்படிக் கெடுகிறது

இரண்டு விதமான கெடுதல்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பமே வருகிறது.

ஒன்று, தமனியின் உட்படலத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து, பிறகு சுண்ணாம்பும் ஏறிப் பாதையைக் குறுக்குவது. மாரடைப்புக்குக் காரணமாகும் அதே நோய்தான். புகை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வயது, கொலஸ்ட்ரால் எல்லாம் இதை வளர்க்கின்றன. இன்னொன்று, நடுப்படலத்தில் கால்சியம் படிவது. சிறுநீரகச் செயலிழப்பில் பாஸ்பரஸ் ஏறுவதும், பாராதைராய்டு ஹார்மோன் ஏறுவதும், கால்சியம் மிகுவதும் சேர்ந்து, தமனிச் சுவரின் தசைச் செல்களை எலும்பு உண்டாக்கும் செல்களைப் போல நடந்துகொள்ள வைக்கின்றன. குழாய் உள்ளே அகலமாகவே இருக்கலாம். ஆனால் சுவர் ஓடுபோல ஆகிவிடும். டயாலிசிஸ் ஆண்டுகள் கூடக்கூட இது கூடுகிறது.

ஆகவே அடைப்பு வேறு, கடினம் வேறு. ரத்தம் நன்றாக ஓடும் குழாய் தைக்க முடியாத அளவுக்குக் கல்லாகியிருக்கலாம். மென்மையான குழாய் மேலே எங்கோ அடைத்திருக்கலாம். முதலாவதற்கு நல்ல இடம் தேட வேண்டும், இரண்டாவதற்கு அடைப்பை நீக்க வேண்டும். உங்கள் மருத்துவர் "குழாய் சரியில்லை" என்றால், "அடைப்பா, சுண்ணாம்பா, எந்தப் பகுதியில்?" என்று கேளுங்கள். என் கருத்தில் இதைவிட முக்கியமான கேள்வி வேறு கிடையாது.

முதல் படி: சந்தேகப்படுங்கள், அதுவும் சீக்கிரம்

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலோ தொடையோ பிட்டமோ பிடித்து இழுத்து, நின்றால் சரியாவது இந்த நோயின் பாடப்புத்தக அறிகுறி. இரவில் படுத்திருக்கும்போது பாதம் வலித்து, காலைத் தொங்கவிட்டால் குறைவது அடுத்த கட்டம். ஆறாத கால் புண், கறுத்த விரல், ஆண்களுக்கு விறைப்புக் குறைவு ஆகியவையும் உண்டு.

ஆனால் டயாலிசிஸ் நோயாளியிடம் இந்த அறிகுறிகளை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. பலர் களைப்பினால் வலி வரும் தூரத்துக்கு நடப்பதே இல்லை. சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாது. "எனக்குக் கால் வலியே இல்லை" என்பது தமனி நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

மருத்துவர் இரு தொடைமடிப்பிலும் நாடி பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான், ஆனால் அவசரத்தில் விட்டுப்போகிறது. அங்கே நாடி மெலிந்திருந்தாலோ, ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சல் கேட்டாலோ, மேலே அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய், பல ஆண்டு டயாலிசிஸ், புகைப்பழக்கம், முன்பு இதய பைபாஸ் அல்லது ஸ்டென்ட், ஏற்கெனவே ஒரு மாற்று அறுவை, இவற்றில் எது இருந்தாலும் அறிகுறி இல்லாவிட்டாலும் இடுப்புத் தமனியைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதியும் காலத்திலேயே செய்ய வேண்டும். நள்ளிரவில் "கிட்னி வந்திருக்கிறது, கிளம்பி வாருங்கள்" என்று அழைப்பு வந்து, மேசையில் வயிற்றைத் திறந்த பிறகு தெரிந்துகொள்வதற்கு இது ஏற்ற விஷயம் இல்லை.

இரண்டாம் படி: படம் எடுப்பது

கணுக்காலில் உள்ள ரத்த அழுத்தத்தைக் கையில் உள்ளதோடு ஒப்பிடும் சோதனை எளியது. விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் காலுக்குப் போகும் ஓட்டம் குறைவு. இதில் ஒரு பொறி இருக்கிறது. சுண்ணாம்பு ஏறிய தமனியை அழுத்தப் பட்டையால் நசுக்க முடியாது. அதனால் விகிதம் 1.4-க்கு மேல் போய், பார்ப்பவருக்குப் பிரமாதமான ஓட்டம் போலத் தெரியும். உண்மையில் அது கெட்ட சேதி. அப்படி வந்தால் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். விரல் தமனிகளில் இந்தப் படிவு குறைவு. அங்கே விகிதம் 0.7-க்குக் கீழே என்றால் நோய் உண்டு.

அடுத்து, மருந்து செலுத்தாத சிடி ஸ்கேன். வயிறு, இடுப்பு இரண்டும் சேர்த்து. சுண்ணாம்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எங்கே முழு வளையம், எங்கே பாதி வளையம், எங்கே ஒன்றுமில்லை என்று துண்டு துண்டாகப் பார்க்கலாம். சாயமருந்து இல்லாததால் மீதமிருக்கும் சிறுநீரகச் செயலுக்கும் ஆபத்தில்லை. மாற்று சிகிச்சைக்குத் தகுதி பார்ப்பது பற்றி 2020-ல் வெளியான கேடிகோ (சிறுநீரக நோய்களுக்கு வழிகாட்டிகள் எழுதும் சர்வதேச அமைப்பு) வழிகாட்டியும், கால் தமனி நோய் உள்ளவர்களுக்கும், ரத்தக்குழாய் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இந்த ஸ்கேனைத்தான் பரிந்துரைக்கிறது.

இந்தப் படத்தில் நல்ல செய்தி ஒன்று கிடைப்பதுண்டு. உட்படல நோயில் படிவு பெரும்பாலும் தமனியின் பின்சுவரில் தடித்திருக்கும். முன்சுவர் தப்பித்திருக்கும். தைப்பது முன்பக்கம் அல்லது பக்கவாட்டில்தானே. "இலியாக் தமனிகளில் பரவலான சுண்ணாம்புப் படிவு" என்று அறிக்கையில் ஒரு வரி வந்தாலும், படத்தைப் பார்க்கும் அறுவை நிபுணர் அதே தமனியில் நான்கு சென்டிமீட்டர் நல்ல சுவர் கண்டுபிடிக்கலாம். அதனால் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். படங்கள் உள்ள வட்டையும் கொண்டுபோய், அறுவை செய்யப்போகிறவர் தன் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள்.

சுண்ணாம்பு இல்லாத மென்கொழுப்பு அடைப்பை இந்த ஸ்கேன் காட்டாது. அதற்கு, ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் உதவும். குடல் வாயுவும் பருத்த வயிறும் குறுக்கே வரும்போது டாப்ளரிலும் இலியாக் தமனி முழுதாகத் தெரியாது. அடைப்பு இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அல்லது அறுவைத் திட்டம் போட வேண்டியிருந்தால், சாயமருந்து கொடுத்துச் சிடி ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். சிறுநீரே போகாத டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீரகம் கெடுமே என்ற கவலை இல்லை. இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்களும், டயாலிசிஸில் இருந்தும் நன்றாகச் சிறுநீர் போகிறவர்களும் அந்தக் கவலையை மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்திப் படம் எடுக்கும் முறையும் சில இடங்களில் இருக்கிறது.

எம்ஆர் ஆஞ்சியோகிராமில் பெரும்பாலும் காடோலினியம் என்ற சாயமருந்து வேண்டும். தோலும் மூட்டும் இறுகிப்போகும் ஒரு கடும் நோய்க்கும் பழைய வகைக் காடோலினியத்துக்கும் தொடர்பு இருப்பது 2006-ல் வெளியே வந்தது. புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆனாலும் எம்ஆர் படத்தில் சுண்ணாம்பு சரியாகத் தெரியாது. நமக்கு வேண்டிய முக்கியத் தகவலே அதுதான்.

பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்குப் பழைய படம் போதாது. தமனி காத்திருக்காது. எத்தனை காலத்துக்கு ஒருமுறை மறுபடி எடுப்பது என்பதை உங்கள் குழுவிடம் முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இதயத்தைப் பார்ப்பது

இடுப்பில் அடைப்பு உள்ளவரின் இதயத் தமனிகளும் கழுத்துத் தமனிகளும் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த நோயாளிகளின் உயிருக்கு முதல் ஆபத்து இதயத்திலிருந்துதான் வருகிறது. எக்கோ, அழுத்தச் சோதனை, தேவையானால் இதய ஆஞ்சியோகிராம் என்று வரிசையாக முடிக்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தால் இரட்டை ரத்த உறைவுத்தடுப்பு மாத்திரைகளைக் குறிப்பிட்ட காலம் நிறுத்த முடியாது. அது மாற்று அறுவையைத் தள்ளிப்போடும். எனவே இதயம், இடுப்பு இரண்டின் திட்டத்தையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

நான்காம் படி: வழியைத் தேர்வு செய்வது

இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. மாற்று அறுவை நிபுணரும் ரத்தக்குழாய் அறுவை நிபுணரும் ஒரே படத்தின் முன் உட்கார்ந்து பேச வேண்டும். தனித்தனி அறையில் தனித்தனிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் நோயாளிதான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

திட்டுத் திட்டான சுண்ணாம்பு, ஓட்டம் நன்று என்றால், தமனியைச் சரிசெய்யும் அறுவையே வேண்டாம். நல்ல இடத்தைத் தேடித் தைத்தால் போதும். வலப்பக்கம் வழக்கமாக வசதியானது, ஏனென்றால் அங்கே சிரை மேலாக ஓடுகிறது. தமனி இடப்பக்கம் நன்றாக இருந்தால் இடப்பக்கமே சரி. வெளி இலியாக் சரியில்லாமல் பொது இலியாக் நன்றாக இருந்தால் சற்று மேலே ஏறித் தைக்கலாம். உள் இலியாக் தமனியின் முனையோடு நேராக இணைப்பதும் பழைய, நல்ல முறை. ஆனால் சர்க்கரை நோயாளிகளில் அதுவும் கெட்டிருப்பது உண்டு. முந்தைய மாற்றில் ஒரு பக்க உள் இலியாக்கைப் பயன்படுத்தியிருந்தால் மறுபக்கத்தையும் எடுப்பதில் தயக்கம் வேண்டும். பிட்ட வலியும் விறைப்புக் குறைவும் வரலாம்.

பொது இலியாக்கில் குட்டையான அடைப்பு மட்டும் இருந்தால் பலூனும் ஸ்டென்டும் போதும். இதை மாற்றுக்கு முன்பே செய்துகொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. கால் வலிக்காக வேறொரு நிபுணரிடம் போனால், அவர் காலை மட்டும் மனதில் வைத்து வெளி இலியாக் முழுக்க ஸ்டென்ட் போட்டுவிடலாம். கால் சரியாகும், ஆனால் சிறுநீரகம் தைக்க இருந்த இடம் உலோக வலையால் மூடிப்போகும். எந்த ரத்தக்குழாய் மருத்துவரிடம் போனாலும், "நான் சிறுநீரக மாற்றுக்குக் காத்திருக்கிறேன், தைக்கும் இடத்தை விட்டுவைக்க முடியுமா?" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வெளி இலியாக் முழுக்கக் கெட்டு, மேலே பொது இலியாக் நன்றாக இருந்தால், அதிலிருந்து தொடைத் தமனிக்குச் செயற்கைக் குழாய் வைத்து, சிறுநீரகத்தை அந்தக் குழாயிலேயே தைக்கலாம். உட்படலத்தை அதிலுள்ள படிவோடு உரித்தெடுத்துச் சுத்தமாக்கித் தைப்பது மற்றொரு வழி. உரித்த இடத்தின் கீழ் விளிம்பை நூலால் பதித்துவிட வேண்டும். இல்லையென்றால் ரத்த ஓட்டம் அந்த விளிம்பைத் தூக்கிப் பாதையை மூடிவிடும், கால் பறிபோகும் நிலை வரும்.

பெருந்தமனியும் இருபுற இலியாக்குகளும் கெட்டவர்களுக்குப் பெருந்தமனியிலிருந்து இரு தொடைகளுக்கும் கவட்டை வடிவ டேக்ரான் (செயற்கை இழை) குழாய் வைக்கும் பெரிய பைபாஸ் தேவைப்படும். இதை முதலில் செய்து, உடல் தேறிய பிறகு, அந்த டேக்ரான் கிளையில் சிறுநீரகத்தைத் தைப்பது ஒரு வழி. ஒரே அறுவையில் இரண்டையும் முடிப்பது இன்னொரு வழி. எது நல்லது என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. இரண்டு கட்டமாகச் செய்வதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். செயற்கைக் குழாயில் கிருமி ஏறினால் விளைவு மோசம். அது உடலோடு ஒட்டுகிற காலத்தில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமல் இருப்பது பாதுகாப்பு. பெரிய அறுவையின் சுமை இதயத்தின் மேல் ஒரே நாளில் விழுவதும் இல்லை. குறை என்னவென்றால், இரண்டாவது முறை தழும்புக்குள் போய் வேலை செய்வது கடினம். உயிருள்ள கொடையாளர் தயாராக இருந்து, நோயாளியின் இதயமும் நன்றாக இருந்தால், ஒரே நாளில் முடிப்பதற்கும் நியாயம் உண்டு. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் கவனிக்க: வயிற்றைத் திறந்து பைபாஸ் செய்தால் சில காலம் ரத்த டயாலிசிஸுக்கு மாற வேண்டி வரலாம். அதற்கான வழியை முன்பே தயார் செய்ய வேண்டும்.

இடுப்பில் எங்குமே இடமில்லை என்றாலும் கதவு முழுதாக மூடவில்லை. இடப்பக்கச் சொந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதை வைத்து, மண்ணீரல் தமனியோடு இணைக்கும் முறை இருக்கிறது. பார்சிலோனாவின் ஜில் வெர்னெட் வளர்த்தெடுத்த முறை இது. கடினமானது, அனுபவமுள்ள சில மையங்களில்தான் செய்வார்கள். மண்ணீரல் தமனியும் சுண்ணாம்பில்லாமல் இருக்கிறதா என்பதை அதே சிடி படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எந்தச் சிறுநீரகம்

இந்த நோயாளிகளுக்கு ஒற்றைத் தமனி உள்ள சிறுநீரகம் பெரிய வரம். இரண்டு, மூன்று தமனி இருந்தால் இரண்டு, மூன்று நல்ல இடம் தேட வேண்டும், அல்லது தைக்கும் முன் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வரும் சிறுநீரகத்தில் ஒரு நன்மை உண்டு. தமனி தொடங்கும் இடத்தில் பெருந்தமனிச் சுவரையும் வட்டமாக வெட்டி எடுத்து வரலாம். ரத்தக்குழாய்த் தையலுக்காக 1912-ல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கேரலின் பெயரால் அதைக் கேரல் ஒட்டு என்பார்கள். விளிம்பு அகலமாக இருப்பதால் கடினமான தமனியில் தைப்பது சுலபம். அதே கொடையாளரின் இலியாக் தமனித் துண்டையும் எடுத்து வைத்திருந்தால், எட்டாத இடத்துக்கு நீட்டிக்கவோ ஒட்டுப்போடவோ உதவும். உயிருள்ள கொடையாளரிடம் இந்த உதிரிகள் கிடையாது. ஆனால் நாள் குறித்துச் செய்ய முடிவதும், சிறுநீரகம் பனிக்கட்டியில் இருக்கும் நேரம் குறைவதும் பெரிய லாபம்.

உயிருள்ள கொடையாளர் என்றால் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "பெறுபவரின் தமனியைத் திறந்து, தைக்கலாம் என்று கைவைத்து உறுதிசெய்த பிறகுதான் கொடையாளரின் சிறுநீரகத்தை எடுப்பீர்களா?" ஒருவர் உடலிலிருந்து எடுத்த பிறகு மற்றவருக்கு வைக்க இடமில்லை என்று தெரிவதைவிடக் கொடுமை இந்தத் துறையில் குறைவு. தமனி சந்தேகமாக உள்ள நோயாளிக்கு இந்த வரிசையைப் பின்பற்றுவதுதான் கொடையாளருக்கு நாம் செய்யும் மரியாதை.

ஆறாம் படி: காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை

புகையை விடுங்கள். குறைப்பது போதாது. பட்டியலில் சேர்வதற்கு முன் குறைந்தது ஒரு மாதமாவது முழுதாக விட்டிருக்க வேண்டும் என்று கேடிகோ வழிகாட்டி சொல்கிறது. தமனியைப் பொறுத்தவரை ஆயுள் முழுக்க.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால்தான் அது வேலை செய்யும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து விழுங்கினால் பலன் குறைவு. படிவு அதிகமுள்ளவர்களுக்குக் கால்சியம் கலந்த மாத்திரைக்குப் பதில் செவலமர் போன்றவை பொருத்தமா என்று கேட்கலாம். ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், அது தமனியில் சுண்ணாம்பு ஏறுவதைக் கூட்டக்கூடியது என்பதால், மாற்று மருந்து உண்டா என்று விசாரியுங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

பாதத்தைத் தினமும் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. கிருமி பிடித்த கால் புண் ஆறும்வரை மாற்று அறுவை செய்ய மாட்டார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தொடங்கினால் அந்தப் புண்ணே உயிரை வாங்கும். முடிந்த அளவு தினமும் நடங்கள். வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது பக்கக் குழாய்களின் உதவியோடு காலைப் பழக்குகிறது.

குளோபிடோக்ரெல் போன்ற ரத்த உறைவுத்தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள், அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். ஆஸ்பிரினை வழக்கமாக நிறுத்துவதில்லை.

ஏழாம் படி: அறுவை நாள்

அறுவைக்கு முன் டயாலிசிஸ் தேவைப்பட்டால், உடலை வறட்டி எடுக்கும் அளவுக்கு நீர் இழுக்கக் கூடாது. கடினமான தமனி உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் சரிந்தால் புதிய சிறுநீரகத்தின் தமனியில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. மயக்க மருந்து நிபுணருக்கு இது தெரியும். ஆனாலும் உங்கள் வழக்கமான அழுத்தம் எவ்வளவு, எவ்வளவுக்குக் குறைந்தால் தலை சுற்றும் என்பதை அவரிடம் சொல்வது உதவும்.

அடிவயிற்றைத் திறந்ததும் நிபுணர் முதலில் செய்வது விரலால் தமனியை மெல்ல நசுக்கிப் பார்ப்பது. எந்தப் படமும் அந்த விரல்களுக்கு ஈடாகாது. மென்மையான இடம் கிடைத்ததும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்து, கவ்வி போடுவார்கள். சுண்ணாம்பு ஓட்டின் மேல் கவ்வியை இறுக்கினால் அது முட்டை ஓடு போல நொறுங்கி, துணுக்குகள் காலுக்குப் போய் அடைக்கும், உட்படலம் கிழியும். கவ்வி போட வழியே இல்லாத இடத்தில், உள்ளிருந்து பலூனை ஊதி ஓட்டத்தை நிறுத்துவார்கள். 1960-களில் தாமஸ் ஃபோகார்ட்டி உருவாக்கிய பலூன் வடிகுழாய் இங்கே கைகொடுக்கிறது.

துளையைக் கத்தியால் கீறுவதற்குப் பதில் வட்டமாகத் துளைக்கும் கருவியால் எடுத்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும், கடின சுவர் வாயை மூடாது. தையலில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெறுபவரின் தமனியில் ஊசி உள்ளிருந்து வெளியே போக வேண்டும். அப்போது ஒவ்வொரு தையலும் படிவைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும். வெளியிலிருந்து உள்ளே குத்தினால் படிவு பிரிந்து தூக்கிக்கொள்ளும். கவ்வியைத் திறந்ததும் சிறுநீரகம் சிவந்து இறுகுகிறதா, தைத்த இடத்துக்குக் கீழே காலில் நாடி வருகிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வயிற்றை மூட வேண்டும்.

தமனியில் வேலை அதிகம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, சிறுநீரகத்தைக் கடைசி நேரத்தில்தான் பனிக்கட்டியிலிருந்து எடுப்பார்கள். சூட்டில் ரத்தமில்லாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குக் கேடு.

எட்டாம் படி: முதல் சில நாட்கள்

மற்ற மாற்று நோயாளிகளுக்குச் சிறுநீரின் அளவைப் பார்ப்பார்கள். உங்களுக்கு அதோடு பாதத்தையும் பார்க்க வேண்டும். சூடு, நிறம், நாடி. மாற்று வைத்த பக்கத்துக் கால் திடீரென்று குளிர்ந்தாலோ, மரத்தாலோ, கடும் வலி வந்தாலோ உடனே சொல்லுங்கள், விடியட்டும் என்று பொறுக்க வேண்டாம்.

நன்றாக வந்துகொண்டிருந்த சிறுநீர் சட்டென்று நின்றால், முதலில் வடிகுழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் உடனே டாப்ளர். தமனி அடைத்திருந்தால் மீட்க மிகக் குறைந்த நேரமே இருக்கிறது. சொந்தச் சிறுநீரகத்திலிருந்து தினம் அரை லிட்டர் போகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய சிறுநீரகத்தின் சிறுநீரைப் பார்த்துப் புதியது வேலை செய்கிறது என்று ஏமாற இடமுண்டு.

ஒன்பதாம் படி: பிந்தைய ஆண்டுகள்

ரத்த அழுத்தம் திடீரென்று மருந்துக்கு அடங்காமல் ஏறுவது, கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் சேரும் கழிவு) மெல்ல ஏறுவது, காரணமில்லாமல் நுரையீரலில் நீர் கோப்பது, ரத்த அழுத்தத்துக்காக எனலாபிரில், லோசார்டன் வகை மருந்து தொடங்கியதும் கிரியேட்டினின் தாவுவது. இவற்றைக் கண்டால் புதிய சிறுநீரகத்தின் தமனி சுருங்கியிருக்கிறதா என்று டாப்ளர் பார்ப்பார்கள். சிறுநீரகத் தமனி நன்றாகவே இருந்து, அதற்கு மேலே உள்ள இலியாக் தமனி குறுகியிருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். இடுப்புத் தமனி நோய் உள்ளவர்களிடம் இதை மறக்கவே கூடாது. டாப்ளரில் சிறுநீரகத் தமனியோடு நிறுத்தாமல் மேலேயும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பலூன், ஸ்டென்ட் மூலம் சரிசெய்ய முடியும். அதே பக்கக் காலில் நடக்கும்போது புதிதாக வலி வந்தால், சிறுநீரகம் ரத்தத்தைப் பங்குபோட்டு எடுப்பதால் காலுக்குக் குறைகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

கொலஸ்ட்ரால் மாத்திரை தொடரும். நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்குச் சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கூடாது, தசை சிதையலாம். அதே வேலைக்குத் தரும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறினால் தமனி மேலும் கெடும். மாற்று செய்துகொண்டதால் பழைய சுண்ணாம்பு கரைந்துவிடாது.

முடியாது என்று எப்போது ஏற்பது

பெருந்தமனி முதல் தொடைவரை பீங்கான் குழாய் போல முழு வளையமாகிவிட்டது, பைபாஸ் தாங்க இதயத்தால் முடியாது, உடலும் தளர்ந்துவிட்டது என்றால், டயாலிசிஸையே நன்றாகச் செய்துகொள்வது சரியான முடிவு. அதைச் சொல்லும் மருத்துவர் கைவிடவில்லை, காப்பாற்றுகிறார். தமனி நோய் உள்ளவர்களுக்கு அறுவை ஆபத்தும் பின்னாளைய இதய ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் கடுமையான இடுப்புத் தமனி நோய் மட்டுமே முழுத்தடை ஆகாது. ஒரு மையம் மறுத்தால், ரத்தக்குழாய் அறுவைக் குழுவும் மாற்றுக் குழுவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இன்னொரு மையத்தில் படங்களைக் காட்டி இரண்டாவது கருத்து கேளுங்கள். மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் வாங்கிப் போனால் அங்கே வேலை சுலபமாகும்.

ஒரு தாளை எப்போதும் கையில் வைத்திருங்கள்

வீடு திரும்பும்போது அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் எந்தப் பக்கம், தமனி எந்த இடத்தில், எதில் தைக்கப்பட்டது, ஸ்டென்டோ செயற்கைக் குழாயோ எங்கே இருக்கிறது என்பது அதில் இருக்க வேண்டும். நாளைக்கு நெஞ்சுவலி என்று போய், இதய ஆஞ்சியோகிராமுக்காகத் தொடைமடிப்பில் குழாய் ஏற்றப் போகிறார்கள் என்றால், அந்தப் பக்கம் குத்தலாமா, கை வழியே போகலாமா என்று முடிவெடுக்க அந்த மருத்துவருக்கு இந்தத் தாள்தான் வேண்டும். ஒரு படம் செல்பேசியிலும், ஒரு நகல் வீட்டில் இன்னொருவரிடமும் இருக்கட்டும்.